மையத்தில் இருப்பது எந்த மாணவர்?

மலேசியாவில் மருத்துவப் படிப்பை விற்கும் துண்டுப் பிரசுரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக மூன்று இனத்துப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். படத்துக்குக் கீழே, இந்தப் பாடத்திட்டம் மாணவரை மையமாகக் கொண்டது என்று ஒரு வரி இருக்கும். கட்டணம் மட்டும் வேறு பக்கத்தில், சிறிய எழுத்தில். தனியார் கல்லூரி என்றால் ஐந்தாண்டுக்கு மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம். அந்தத் தொகைக்குள் அம்மாவின் இபிஎஃப் சேமிப்பு இருக்கிறது, வீட்டை வைத்து வாங்கிய கடன் இருக்கிறது, படிப்பு முடிந்தபின் பல ஆண்டுகள் துரத்தப்போகும் கல்விக் கடனும் இருக்கிறது.

காசு கட்டுகிறவரைக் கடைக்காரர் மையத்தில் வைப்பதில் வியப்பில்லை. வாடிக்கையாளரை எந்தக் கடைதான் ஓரத்தில் நிறுத்தும்? என் சண்டை அதோடு இல்லை. கல்வியியலில் உண்மையான எடை கொண்ட ஒரு கருத்தை எடுத்து, குளிர்சாதன அறை, வட்ட மேசை, கைக்கணினி, ஆண்டு இறுதியில் ஒரு கருத்துக்கணிப்புப் படிவம் என்று சுருக்கிவிட்டார்களே, அதோடுதான். மாணவரை மையத்தில் வைக்கிறோம் என்கிறீர்கள். சரி, எந்த மாணவரை? அவர் எந்த வீட்டிலிருந்து வருகிறார்? வீட்டில் எந்த மொழி பேசுகிறார்? படித்து முடித்து எந்த ஊரில் யார் முன்னால் உட்காரப் போகிறார்? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் வரைந்த பாடத்திட்டத்தின் மையத்தில் மாணவர் என்று யாரும் இல்லை. அங்கே இருப்பது ஒரு பொம்மை. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும், கை தூக்கிக் கேள்வி கேட்கும், ஊரே இல்லாத ஒரு பொம்மை.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் தன் மருத்துவப் பள்ளியின் முதல் மாணவர்களைச் சேர்த்தது. முதல் இரண்டு ஆண்டு உடற்கூறு, உடலியல் என்று தனித்தனியாக மனப்பாடம், பிறகுதான் நோயாளியின் முகம் என்ற பழைய ஒழுங்கை அது கலைத்தது. சிறு குழுவுக்கு ஒரு நோயாளியின் பிரச்சினையைக் கொடுப்பார்கள். எது தெரியும், எது தெரியாது என்று மாணவர்களே பிரித்துக்கொண்டு தேடிப் படித்துத் திரும்பி வர வேண்டும். ஆசிரியர் கூட இருப்பார், ஆனால் விரிவுரை நடத்த மாட்டார். பிரச்சினைவழிக் கற்றல் என்று இன்று உலகம் முழுக்கப் பேசுவது இதைத்தான்.

1984இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் மருத்துவப் பாடத்திட்டத்தை அளக்க ஆறு அளவுகோல்களை முன்வைத்தார்கள். ஆறின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்தால் 'ஸ்பைசஸ்'. நம் மொழியில் சொன்னால் மசாலா. மாணவர் மையம், பிரச்சினைவழிக் கற்றல், ஒருங்கிணைப்பு, சமூகம் சார்ந்த கல்வி, விருப்பப் பாடம், முறையான திட்டமிடல் என்பவை அந்த ஆறு. மாணவர் மையமும் சமூகமும் ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஹார்டன் இவற்றைக் கட்டளைகளாகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் இரு முனை கொண்ட கோடு, உங்கள் பள்ளி அதில் எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நம்மவர்கள் மசாலா டப்பாவில் ஏலக்காயை மட்டும் பொறுக்கிக்கொண்டு மிளகாயை விட்டுவிட்டார்கள். மாணவர் மையம் விற்கும். சமூகம் விற்காது. சமூகம் என்றால் பேருந்து பிடித்துப் போக வேண்டும், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் வெள்ளைக் கோட்டில் ஒட்டும்.

இந்த நாட்டில் யாரும் முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். 1979இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி, ஒருங்கிணைந்த, பிரச்சினைவழி, சமூகம் சார்ந்த பாடத்திட்டத்தோடு பிறந்தது. பிறகு அது கிளந்தானின் குபாங் கெரியானுக்குப் போனது. தலைநகரிலிருந்து அவ்வளவு தூரத்தில் ஒரு மருத்துவப் பள்ளியை வைப்பதே ஒரு பாடத்திட்ட முடிவுதான். மாணவர் காலையில் கண்விழிக்கும் ஊரும் ஒரு பாடநூல் என்று அன்றைக்கு யாரோ புரிந்து வைத்திருந்திருக்கிறார்கள்.

இப்போது சிகாமட்டுக்கு வருவோம். ஜோகூரின் வடக்கு மூலை. கெமாசிலிருந்து தெற்கே இறங்கும் ரயில் பாதை 1909இல் ஜோகூர் பாருவரை முழுமையானபோது, வழியிலிருந்த இந்த ஊர் நிலையமும் ரப்பரும் சேர்ந்து வளர்த்த ஊரானது. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்திலிருந்தவர்கள் தாமானுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் ஆறு மாறவில்லை. 2011 ஜனவரியிலும் 2023 மார்ச்சிலும் வந்த வெள்ளத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை.

மருத்துவக் கல்வியில் அக்கறை உள்ளவர்களுக்கு இந்த ஊரை வேறொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்க வேண்டும். 2011 முதல் மோனாஷ் பல்கலைக்கழக மலேசியா இங்கே 'சீக்கோ' என்ற சமூக ஆய்வு நிலையத்தை நடத்திவருகிறது. பெக்கோக், சாஆ, கெமெரே, ஜாபி, சுங்கை சிகாமட் ஆகிய ஐந்து முக்கிம்களில் வீடு வீடாகப் போய்ச் சுமார் 40,000 பேரைக் கணக்கெடுத்து, பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு, நோய் என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் வேலை. மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வகுடி மக்கள் எல்லாரும் அந்தக் கணக்கில் உண்டு. நம் நாட்டில் ஒரு சிற்றூரின் உடல்நலத்தை இவ்வளவு அருகிலிருந்து பார்த்த முயற்சிகள் மிகக் குறைவு.

ஆய்வுக் கட்டுரைகள் வரட்டும், நல்லது. என் கேள்வி வேறு. இப்படி ஓர் ஊர், தன்னைப் பற்றி இவ்வளவு சொல்லத் தயாராக இருக்கும்போது, ஒரு மருத்துவ மாணவரின் ஐந்தாண்டை அந்த ஊரிலிருந்து தொடங்கி வரைந்தால் எப்படி இருக்கும்? ஊரைக் கடைசி ஆண்டில் இரண்டு வாரச் சுற்றுலாவாக ஒட்டவைக்கக் கூடாது. முதல் வாரத்திலிருந்தே ஊர் உள்ளே இருக்க வேண்டும்.

அங்கே மாணவர் சந்திக்கப்போவது என்ன என்பதற்கு ஓர் எண் போதும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். இது அபூர்வ நோய் கிடையாது. இது நம் அம்மா, நம் மாமா, காலை ஐந்தரைக்குக் கிளினிக் கெசிஹாத்தானில் நம்பர் எடுக்க நிற்கும் வரிசை.

அந்த வரிசையில் என் பெரியம்மாவோடு ஒருமுறை நின்றேன். எந்தக் கிளினிக் என்பது முக்கியமில்லை. பெரியம்மாவுக்கு மலாய் கடைத்தெரு அளவுக்குத்தான். கூட வந்திருந்த எட்டு வயதுப் பேத்திதான் மொழிபெயர்ப்பாளர். நான் மருந்துக் கவுண்டரில் நின்றுவிட்டேன். "ராத்திரியெல்லாம் காலு காந்துது டாக்டர், தூங்க முடியல" என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். பேத்தி அதை 'காக்கி பானாஸ்' என்று சொல்லிவிட்டாள். பானாஸ் என்றால் சூடு. டாக்டர் காய்ச்சல் பார்த்தார், காய்ச்சல் இல்லை, வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆள்.

காந்தல் என்பது சூடு இல்லை. இனிப்புநீர் முற்றி நரம்பைத் தொட்டுவிட்டது என்று உடல் அடிக்கும் மணி அது. அதைக் கேட்டவுடன் காலணியைக் கழற்றச் சொல்லி, உள்ளங்காலில் நைலான் நூலை வைத்து உணர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், விரலிடுக்கில் புண் தேட வேண்டும். அந்த மணி அன்றைக்குக் கேட்காமல் போனதற்கு ஒரே காரணம் ஒரு சொல். அந்த டாக்டர் மோசமானவர் இல்லை. முகம் சிடுசிடுக்கவில்லை, அவசரமும் காட்டவில்லை. அவருடைய பெயர்ப்பட்டையில் இருந்தது ஒரு தமிழ்ப் பெயர்.

எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான். அவருக்கு நியூரோபதி தெரியும், நிச்சயமாகத் தெரியும். தேர்வில் அதற்குரிய எல்லா அறிகுறிகளையும் எழுதியிருப்பார். அவர் வீட்டிலும் ஒரு பாட்டி இருந்திருப்பார். அந்தப் பாட்டியும் என்றைக்காவது காலு காந்துது என்று சொல்லியிருப்பார். ஆனால் ஐந்தாண்டு மருத்துவப் படிப்பில் ஒரு நாள்கூட யாரும் அவரிடம், உங்கள் வீட்டில் இந்த நோயை எந்தச் சொல்லில் சொல்வார்கள் என்று கேட்கவில்லை. பாட்டியின் சொல் ஒரு பக்கமும் பாடப்புத்தகத்தின் சொல் மறுபக்கமும் சந்திக்காமலேயே கிடந்தன. இரண்டும் இருந்தது ஒரே மண்டைக்குள். மாணவரை மையத்தில் வைத்திருந்தால் முதலில் நடந்திருக்க வேண்டிய சந்திப்பு அது.

என் வாதம் இவ்வளவுதான். மாணவர் மையம் என்பது மாணவருக்கு வசதி செய்து கொடுப்பது இல்லை. மாணவர் கையோடு கொண்டுவருவதை, அதாவது அவர் மொழி, அவர் வீடு, அவர் பார்த்த நோய்கள், அவர் ஊர் எல்லாவற்றையும் பாடத்திட்டத்தின் முதலீடாக எண்ணுவது. இன்றைக்கு நம் கல்லூரிகள் அதைக் குறைபாடாக எண்ணுகின்றன.

பிரச்சினைவழிக் கற்றல் நடக்கும் அறைக்குள் எட்டிப் பாருங்கள். எட்டு பத்துப் பேர், வட்டமாக நாற்காலி. நகரத்து ஆங்கிலப் பிள்ளைகள் இரண்டு பேர் பேசிக்கொண்டே இருப்பார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்து, இப்போது ஆங்கிலத்தில் மூன்றாவது முறையாக உலகத்தைக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண் மூலையில் உட்கார்ந்திருப்பாள். பதில் தெரியும். ஆனால் வாக்கியத்தை மனசுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த இடத்துக்குப் போய்விடும். ஆசிரியர் படிவத்தில் 'பங்கேற்பு போதாது' என்று குறிப்பார். மாணவரை மையமாகக் கொண்ட முறை மாணவரை ஓரத்தில் உட்கார வைத்து, ஓரத்தில் உட்கார்ந்ததற்காக மதிப்பெண்ணும் குறைக்கிறது. அவளையே பெக்கோக்கில் ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துங்கள். அந்த நகரத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் வாய் திறக்க முடியாமல் நிற்கும்போது இவள் "என்னம்மா செய்யுது?" என்று கேட்டுவிடுவாள். அந்தக் கேள்விக்கு எந்தப் படிவத்தில் மதிப்பெண் இருக்கிறது?

இந்த யோசனை புதிது என்று யாராவது சொன்னால் அவர்களை மானிப்பாய்க்கு அனுப்ப வேண்டும். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் படித்தவர்கள் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க வேலை தேடிக் கிளம்பினார்கள், கிராமத்தில் நிற்கவில்லை. கிறீன் 1864இல் பயிற்று மொழியைத் தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், பிரசவ மருத்துவம், வேதியியல் என்று தடித்தடியான நூல்களைத் தன் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்ற தலைப்புகளைப் பார்த்தாலே அந்த உழைப்பு தெரியும். அவரிடம் பயின்றவர்கள் 60 பேருக்கும் மேல், அவர்களில் பாதிப் பேர் தமிழில்.

கிறீனை இங்கே இழுப்பது தமிழ்ப் பெருமை பாட அல்ல. ஒரு பாடத்திட்ட வடிவமைப்பாளராக அவர் கேட்ட கேள்விக்காக. என் மாணவன் படித்து முடித்தபின் எங்கே இருக்க வேண்டும்? மானிப்பாயைச் சுற்றிய கிராமங்களில். அப்படியென்றால் இன்றைக்கு எந்த மொழியில் அவன் கற்க வேண்டும்? பின்னாலிருந்து முன்னால் வந்தார். நம்மவர்கள் முன்னாலிருந்து பின்னால் போகிறார்கள். கையில் இருக்கும் புத்தகம் எது, கிடைக்கும் விரிவுரையாளர் யார், தர அங்கீகாரத்துக்கு எந்தப் பெட்டியில் டிக் அடிக்க வேண்டும் என்று தொடங்குகிறார்கள். கிறீனின் முயற்சி நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் திறந்தது, 1873இல் அவர் ஊருக்குத் திரும்பினார், தமிழ் நூல்கள் அலமாரிக்குப் போயின. அதிகாரத்தின் மொழியில் இல்லாத படிப்பு தனியாக நிற்க முடியாது என்பதும் அந்தக் கதையின் பாடம்தான்.

அதனால்தான் மலேசியாவில் எம்.பி.பி.எஸ். படிப்பையே தமிழில் நடத்து என்று மேடையில் முழங்குகிறவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இந்தியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டபோது நம் பக்கத்திலும் சிலருக்கு ஆசை வந்தது. பாடநூலை மொழிபெயர்ப்பது ஒரு வேலை, நோயாளியைக் கேட்பது வேறொரு வேலை. 'நியூரோபதி' என்பதற்கு 'நரம்புச் சிதைவு' என்று தமிழாக்கினாலும் பெரியம்மாவின் காந்தல் அந்தப் புத்தகத்தில் வராது. மேலும், சிகாமட் மருத்துவர் முன்னால் தமிழர் மட்டும் உட்காரப் போவதில்லை. மலாய் மூதாட்டி 'மாசோக் ஆஙின்' என்பார், காற்று உள்ளே போய்விட்டது. நம் ஆட்கள் வாய்வு என்பார்கள், காத்துப் பிடிச்சிருக்கு என்பார்கள். சீன வைத்திய மரபிலும் காற்று ஒரு நோய்க் காரணம். மூன்று மொழியிலும் காற்று வீசுகிறது. அந்தக் காற்றுக்குள் வெறும் வயிற்று உப்புசமும் இருக்கலாம், மாரடைப்பும் இருக்கலாம். எது எப்போது என்று பிரித்துக் கேட்கத் தெரிவதுதான் இந்த ஊரின் மருத்துவம். ஒரு மொழியை மட்டும் அரியணையில் ஏற்றினால் அது வராது.

இன்னொரு பக்கத்தில் பழைய பள்ளி சீனியர்கள். "எங்க காலத்துல மாணவர் மையமாவது மண்ணாங்கட்டியாவது, வார்டு ரவுண்ட்ல எல்லார் முன்னாலயும் திட்டு வாங்கித்தான் கத்துக்கிட்டோம்" என்பது அவர்களுடைய வேதம். திட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் கற்றார்கள், எத்தனை பேர் கேள்வி கேட்பதையே நிறுத்தினார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. 2022இல் பினாங்கில் ஒரு பயிற்சி மருத்துவர் இறந்தபின் சுகாதார அமைச்சு பணியிடக் கலாசாரத்தை ஆராயத் தனிப் பணிக்குழுவே அமைக்க வேண்டி வந்தது. அவமானத்தால் கற்ற மருத்துவர் நோயாளியையும் அவமானத்தால்தான் கற்பிப்பார். "ஏன் மாத்திரை போடலை? எத்தனை தடவை சொல்றது?" என்ற குரல் கிளினிக்கில் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? அது வார்டில் கற்ற குரல்.

விமர்சனம் போதும், வடிவத்தைச் சொல் என்பீர்கள். சொல்கிறேன்.

முதல் வாரத்தில் உடற்கூறு அட்டவணைக்கு முன்னால் ஒவ்வொரு மாணவரும் ஒரு தாள் எழுதட்டும். என் வீட்டில் யாருக்கு என்ன நோய், அதை எந்த மொழியில் எந்தச் சொல்லில் சொன்னார்கள், யாரிடம் முதலில் போனார்கள். கோயில் பூசாரியிடம் போயிருந்தாலும் சரி, பாசாவில் மூலிகை விற்பவரிடம் போயிருந்தாலும் சரி. வகுப்பில் நூறு பேர் என்றால் நூறு வீடுகள் கிடைக்கும். எந்த இறக்குமதிப் புத்தகத்திலும் இல்லாத பாடப்பொருள் முதல் வாரத்திலேயே கையில்.

இரண்டாவது, ஒரு மாணவருக்கு ஒரு குடும்பம். ஐந்தாண்டும் அதே குடும்பம். இது கனவு இல்லை. வேலூர் சிஎம்சியில் முதலாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கிக் கற்பது பழகிப்போன நடைமுறை. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022 முதல் ஒவ்வொரு மாணவரும் குடும்பங்களைத் தத்தெடுத்துப் பின்தொடர வேண்டும் என்று விதித்திருக்கிறது. 2019இன் புதிய பாடத்திட்டத்தில் உள்ளூர் மொழிப் பயிற்சியும் சேர்ந்தது. காகிதத்தில் மட்டும் நடக்கும் இடங்களும் இருக்கும், தெரியும். ஆனால் காகிதத்திலாவது இருக்கிறது. குடும்பத்தைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஐந்தாண்டு வாசலைத் திறந்துவிடும் வீட்டுக்கு மாணவர் எதையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது, கிளினிக் தேதியை நினைவூட்டுவது, காலைப் பார்ப்பது.

மூன்றாவது, பிரச்சினைத் தாள்களை ஊரிலிருந்து எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: வெள்ளத்தில் நிவாரண மையத்துக்கு வந்திருக்கும் 62 வயது அம்மா, மாத்திரைப் பையும் கிளினிக் அட்டையும் தண்ணீரில் போய்விட்டன, 'வட்டமா வெள்ளை மாத்திரை, காலைல ஒண்ணு' என்பது மட்டும் நினைவிருக்கிறது, காலில் சின்ன வெட்டு, வெளியே சேற்றுத் தண்ணீர். இந்த நாலு வரிக்குள் மருந்தியல் இருக்கிறது, தொற்று இருக்கிறது, எலிக்காய்ச்சல் இருக்கிறது, இன்சுலினைக் குளிர்பெட்டி இல்லாமல் எப்படி வைப்பது என்ற கேள்வி இருக்கிறது. இப்படிப்பட்ட தாள்களில் பாதியை மாணவர்களே எழுதட்டும். மூலையில் உட்கார்ந்திருந்த பெண் அன்றைக்கு முதல் ஆளாகப் பேசுவாள்.

நான்காவது, ஆசிரியர் பட்டியலை நீட்டுங்கள். தோட்டத்து டிரெசர் என்றொருவர் இருந்தார். பட்டம் இல்லாதவர். ஆனால் லயத்தில் எந்த வீட்டுக் குழந்தைக்கு இழுப்பு வரும், எந்த வீட்டில் தண்ணி போட்டுவிட்டு அடிதடி நடக்கும் என்று அறிந்தவர். அந்தத் தலைமுறையில் மிச்சமிருப்பவர்களையும், வீடு வீடாகப் போகும் மிஸ்ஸிகளையும் சம்பளம் கொடுத்து வகுப்புக்குக் கூப்பிடுங்கள். பேராசிரியர் கீழே உட்கார்ந்து கேட்கட்டும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், தேர்வு. தேர்வில் வராததை எந்த மாணவரும் படிக்க மாட்டார். இது மாணவரின் குற்றமில்லை, நியாயம்தான். ஹார்டனே 1975இல் அறிமுகப்படுத்திய 'ஓஸ்கி' தேர்வு இன்று எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது. சில நிமிடத்துக்கு ஒரு மேசை, மணி அடித்தால் அடுத்த மேசை, நடிக்கப் பயிற்சி பெற்ற நோயாளி, கையில் மதிப்பெண் தாளோடு தேர்வாளர். அதில் ஒரு மேசையில் மாணவருக்குத் தெரிந்த வீட்டு மொழியில் நோயாளியை உட்கார வையுங்கள். இன்னொரு மேசையில் அவருக்குத் தெரியாத மொழியில் நோயாளியையும் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் உட்கார வையுங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாரா, 'பானாஸ்' என்று பதில் வந்தால் எப்படிப்பட்ட பானாஸ் என்று திருப்பிக் கேட்கிறாரா என்பதற்கு மதிப்பெண் கொடுங்கள். ஒரே ஆண்டில் பாடத்திட்டம் மாறிவிடும். பத்துக் கருத்தரங்கு நடத்தினாலும் வராத மாற்றம் ஒரு மணியில் வரும்.

எதிர்ப்புகள் தெரியாமல் இல்லை. முக்கியமான ஒன்றைத் தமிழ் மாணவர்களே சொல்வார்கள்: "இப்பவே வார்டுல தமிழ்ப் பேஷண்ட் வந்தா எங்களத்தான் இழுத்துட்டுப் போறாங்க. இலவச மொழிபெயர்ப்பாளர் வேலை பாத்துட்டு எங்க கேஸ விட்டுடறோம்." முழு உண்மை. மொழியை முதலீடு என்று ஒப்புக்கொள்ளாத இடத்தில் அது கூலியில்லா வேலையாகத்தான் மாறும். அதைக் கணக்கில் ஏற்றுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. மொழிபெயர்த்த நேரத்துக்கு மதிப்பெண் கொடுங்கள், மற்ற மாணவர்கள் தமிழ் கற்கட்டும், தமிழ் மாணவர் ஹொக்கியன் கற்கட்டும். இரண்டாவது எதிர்ப்பு, மையத்தில் இருக்க வேண்டியது நோயாளிதானே, மாணவரை ஏன் அங்கே வைக்கிறீர்கள் என்பது. மாணவரை வாடிக்கையாளராகப் பார்த்தால் இந்த மோதல் உண்மை. ஒரு வீட்டிலிருந்து வந்த மனிதராகப் பார்த்தால் மோதலே இல்லை. அவர் வீட்டிலும் நோயாளி இருக்கிறார்.

இவ்வளவும் செய்தாலும் படிப்பு முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது என்பதையும் பேசியாக வேண்டும். 2016 டிசம்பர் முதல் அரசு மருத்துவமனைகளில் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த ஊழியர்களாகத்தான் நுழைகிறார்கள். 2021 ஜூலை 26 அன்று கறுப்பு உடையில் வார்டை விட்டு வெளியே வந்து நின்றார்கள், உலகமே கோவிட்டில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில். ஒப்பந்த முறை தொடங்கியபோது சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம். தோல்நோய் நிபுணர், 2004 முதல் 2018 வரை சிகாமட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். நம்மவர் அமைச்சராக இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நம்பியவர்கள் யோசிக்க வேண்டிய தகவல் இது. ஐந்தாண்டு நீதான் மையம் என்று சொல்லிவிட்டு ஆறாவது ஆண்டில் உனக்கு நிரந்தர இடம் உண்டா என்று பார்க்கலாம் என்று சொல்லும் நாட்டில், நல்ல மாணவர் விமான டிக்கெட் பார்ப்பதைத் தேசத்துரோகம் என்று திட்டுவதில் பொருளில்லை. கிறீனின் மாணவர்கள் அரசாங்க வேலைக்குப் போனார்கள், நம் மாணவர்கள் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறார்கள். ஊரோடு அவர்களைக் கட்டும் எதையும் நாம் பாடத்திட்டத்தில் வைக்கவில்லை, வேலையிலும் வைக்கவில்லை.

இதை ஏன் ஓர் இலக்கிய இதழில் எழுதுகிறாய் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நோயாளி கிளினிக்குக்குள் நுழைந்ததும் முதலில் கொடுப்பது ரத்தம் இல்லை, கதை. எங்கே தொடங்கியது, எப்போது கூடியது, அதற்கு முன் என்ன நடந்தது. அந்தக் கதையைக் கேட்கத் தெரியாதவர் கையில் எந்த இயந்திரம் கொடுத்தாலும் அரைகுறைதான். காந்தல், குடைச்சல், குத்தல், கரித்தல், மதமதப்பு, கிறுகிறுப்பு, அசதி, ஆயாசம் என்று வலிக்கும் களைப்புக்கும் நம்மிடம் இத்தனை சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நோயறிதலின் முதல் படி. இவற்றைக் கவிதைக்குள் மட்டும் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். கிளினிக்குக்கு அனுப்பவே இல்லை.

ஆகவே மருத்துவக் கல்லூரிகளை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இதைப் படிப்பவர்களில் மருத்துவ மாணவர்கள் இருப்பீர்கள், அவர்களின் அண்ணன் தங்கைகள் இருப்பீர்கள், எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். இந்த விடுமுறையில் வீட்டிலிருக்கும் பாட்டியிடமோ அம்மாச்சியிடமோ உட்காருங்கள். உடம்புக்கு என்ன செய்தது, அதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். சிகாமட், லாபிஸ், சாஆ, பெக்கோக் என்று ஊர் வாரியாகச் சேர்ப்போம். பக்கத்தில் மலாய்ச் சொல்லை ஒரு மலாய் நண்பர் எழுதட்டும், சீனச் சொல்லை ஒரு சீன நண்பர் எழுதட்டும், மருத்துவப் பொருளை ஒரு மருத்துவர் சரிபார்க்கட்டும். ஐம்பது பக்கம் வந்தால் போதும். அதை அச்சடித்து, மாணவர் மையம் என்று பலகை மாட்டியிருக்கும் ஒவ்வொரு கல்லூரியின் முதல்வர் மேசையிலும் கொண்டுபோய் வைப்போம். அவர்கள் பாடத்தில் சேர்க்கிறார்களா இல்லையா என்று பார்த்து மறுபடி இங்கே எழுதுவோம்.